மூச்சும் உறக்கமும்

நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் ஆண்டவர் இயேசு எசாயாவின் ஏட்டைச் சுருட்டிக் கொடுத்துவிட்டுப் பேசத் தொடங்கியபோது, தம் ஊரார் நெஞ்சில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பழமொழியைத் தாமே எடுத்துரைத்தார். பிறரைக் குணமாக்கப் புறப்பட்ட மருத்துவர் முதலில் தம்மைக் குணமாக்கிக் காட்டட்டும் என்பது அதன் கருத்து. அன்று அது ஏளனச் சொல். இருபது நூற்றாண்டுகளுக்குப் பின் அதே கருத்து, ஏளனம் நீங்கி, மருத்துவக் கல்லூரிகளின் பாடத்திட்டத்திற்குள் நுழைந்திருக்கிறது. நோயாளியின் இதயத்தைப் பற்றிக் கற்க வந்த மாணவருக்கு, தம் இதயம் படபடக்கும்போது அதை அமைதிப்படுத்தும் முறையையும் கற்றுத்தர வேண்டும் என்று மருத்துவ உலகம் இன்று பேசுகிறது. மூச்சை ஒழுங்குபடுத்துதல், உடலைத் தளர்த்துதல், மனத்தை ஒருமுகப்படுத்துதல், சிறு குழுவாக அமர்ந்து மனம்விட்டுப் பேசுதல் ஆகியவை அக்கல்வியின் கூறுகள். இது நல்லதா என்பதில் நமக்கு ஐயமில்லை, நல்லதே. ஆனால் எதற்குப் பதிலாக இது கொடுக்கப்படுகிறது என்று கேட்கத் தொடங்கும்போதுதான் அறக்கேள்வி எழுகிறது.

தவளக்குப்பத்தில் வாழ்வோருக்கு இது தொலைதூரச் செய்தியன்று. புதுவை - கடலூர் சாலையில் நம் ஊரிலிருந்து தெற்கே சென்றால் கிருமாம்பாக்கத்திலும் பிள்ளையார்குப்பத்திலும் மருத்துவக் கல்லூரிகள். வடக்கே நகரைக் கடந்தால் கோரிமேட்டில் ஜிப்மர். இரவில் நம் சந்திப்பைக் கடக்கும் ஆம்புலன்ஸ் வண்டி எத்திசை திரும்புகிறது என்பதைக் கொண்டே அது எம்மருத்துவமனைக்குப் போகிறது என்று நம் மக்கள் ஊகித்துவிடுவர். அவ்வண்டி சென்று நிற்கும் வாயிலில் முதலில் எதிர்கொள்பவர் பெரும்பாலும் பேராசிரியர் அல்லர்; இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது நிரம்பிய பயிற்சி மருத்துவரே. அவர்களுள் சிலர் ஞாயிறு மாலைத் திருப்பலிக்கு வருவர். வந்து, மறையுரை தொடங்கியதும் கண்ணயர்வர். அவர்களை எழுப்ப வேண்டாம் என்று பாடற்குழுவினரிடம் சொல்லி வைத்திருக்கிறோம். அம்மறையுரையால் மிகுதியும் பயன்பெற்றவர்கள் அவர்களே எனக் கொள்வதில் தவறில்லை.

புதுவைக்கு மருத்துவக் கல்வி புதிதன்று. பிரெஞ்சுக்காரர் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்ததே, 1964 முதல் ஜிப்மர் என வழங்கும் நிறுவனம். அதன் உடற்செயலியல் துறையினர் 1992இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தாமாக முன்வந்த 27 மாணவர்களுக்குப் பன்னிரண்டு வாரம் யோகப் பயிற்சி அளித்துப் பார்த்தனர். ஒளியைக் கண்டோ ஒலியைக் கேட்டோ கை அசைய ஆகும் நேரம் குறைந்தது. மூச்சடக்கும் ஆற்றல் கூடியது. 2008இல் ஜிப்மரிலும், 2010இல் பிள்ளையார்குப்பம் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியிலும் யோக மருத்துவத்திற்கென்றே நடுவங்கள் தோன்றின. 2019இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டம், முதலாமாண்டு மாணவர்க்குத் தொடக்க மாதத்திலேயே மன அழுத்தத்தைக் கையாளுதல், நேரத்தைப் பகுத்துக்கொள்ளுதல் ஆகியவற்றைக் கற்பிக்கச் சொன்னது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் புதிதாகச் சேர்வோருக்குப் பத்து நாள் யோகப் பயிற்சியையும் பரிந்துரைத்தது.

இங்கே நம் கத்தோலிக்கப் பெற்றோர்க்கு ஒரு கலக்கம் உண்டு. “சாமி, பிள்ளைக்குக் காலேஜிலே யோகா சொல்லித் தர்றாங்களாம், செய்யலாமா?” என்று ஒரு தாய் கேட்டால், அவரது கலக்கத்தை அறியாமை என்று தள்ளிவிடலாகாது. திருச்சபை இதுபற்றிச் சிந்தித்திருக்கிறது. 1989ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் கிறிஸ்தவத் தியானம் குறித்து ஆயர்களுக்கு எழுதிய மடலில் கர்தினால் இராட்சிங்கர் கையொப்பமிட்டார். பிற சமயங்களின் தியான முறைகளைக் கிறிஸ்தவம் அல்ல என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்கிவிட வேண்டியதில்லை என்பதும், செபத்திற்கு ஆயத்தமாக அவை உதவக்கூடும் என்பதும் அம்மடலின் ஒரு பக்கம். உடலில் உண்டாகும் இதமான அமைதியைத் தூய ஆவியாரின் ஆறுதல் என்று மயங்கிவிடலாகாது என்பது அதன் மறுபக்கம். இரண்டாவது எச்சரிக்கை மருத்துவக் கல்லூரிக்கும் பொருந்தும். உடல் தளர்வது ஒன்று. மனச்சான்று அமைதி பெறுவது வேறொன்று. மூச்சு சீராக இருக்கும்போதே ஒருவன் அநீதி செய்யவும் கூடும், அதற்கு உள்ளாகவும் கூடும்.

மூச்சோடு இணைந்த செபம் நம் மரபுக்கு அயலானதும் அன்று. இலொயோலா நகர்ப் புனித இஞ்ஞாசியார், 1548இல் அச்சேறிய தம் ஆன்மிகப் பயிற்சிகளில் மூவகைச் செப முறைகளைத் தருகிறார். அவற்றுள் மூன்றாவது, ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையே ஆண்டவர் கற்பித்த செபத்தின் ஒரே ஒரு சொல்லை மட்டும் உள்ளத்தில் வைத்துச் செபிப்பது. செபமாலையைப் பற்றியும் ஒரு வியப்பான ஆய்வு உண்டு. இத்தாலியின் பாவியா நகரைச் சேர்ந்த லுச்சியானோ பெர்னார்தி என்னும் மருத்துவரும் அவர்தம் தோழரும் 2001இல் பிரித்தானிய மருத்துவ இதழில் அதை வெளியிட்டனர். நலமுள்ள 23 பேரை இலத்தீன் மொழியில் அருள்நிறை மரியே செபத்தைச் சொல்ல வைத்தனர். ஒருவர் முன்பாதியைச் சொல்ல மற்றவர் பின்பாதியைச் சொல்லும் அந்த ஒழுங்கில், மூச்சு தானாகவே நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறு முறை என்னும் அளவுக்கு இறங்கியது; இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் சமன்செய்யும் உடலின் இயல்பான செயல் கூர்மையுற்றது. கீழ்த்திசை மந்திரம் ஒன்றை ஓதச் செய்தபோதும் இதே விளைவு கிட்டியது. இரவுச் சோறு ஆறிப்போகுமுன் ஐம்பத்து மூன்று மணிகளையும் முடித்துவிடும் வேகத்தில் நம் இல்லங்களில் சொல்லப்படும் செபமாலைக்கு இப்பயன் கிட்டுமா என்பது ஐயமே. அன்னை மரியாவை நாம் வாழ்த்துவது நுரையீரலுக்காக அன்று என்பதும் உண்மை. எனினும் வாயும் மூச்சும் இதயமும் ஒருங்கே செபிக்கின்றன என்று அறிவதில் இழுக்கேதும் இல்லை.

ஏனெனில் மனிதனை உடல் ஒரு துண்டு, ஆன்மா ஒரு துண்டு என நம் இறையியல் என்றும் வெட்டிப் பார்த்ததில்லை. ஆன்மாவே உடலுக்கு உருவளிக்கும் தத்துவம் என்று, பிரான்சு நாட்டு வியென் நகரில் கூடிய பொதுச்சங்கம் 1312இல் அறுதியிட்டுக் கூறிற்று. அதற்கு முன்பே புனித அக்குவினா தோமா தம் இறையியல் பெருநூலில், துயரத்திற்கு மருந்து யாது என்று ஐந்து உட்கேள்விகளாகப் பகுத்து ஆராய்ந்திருக்கிறார். இன்பம் துய்த்தல், கண்ணீர் சிந்துதல், நண்பர் உடன்வருந்துதல், உண்மையை ஆழ்ந்து நோக்குதல் என்று வரிசைப்படுத்திக்கொண்டே வந்தவர், ஐந்தாவதாக எதைச் சொல்கிறார் தெரியுமா? உறக்கத்தையும் குளியலையும். வானதூதரின் இயல்பைப் பற்றி அத்தனை பக்கங்கள் எழுதிய மேதை, துயருற்றவன் குளித்துவிட்டு உறங்கட்டும் என்றும் எழுதினார். குருமாணவராய் இருந்த நாளில் இப்பகுதியைப் படித்து நாமும் நம் தோழரும் நகைத்தது உண்டு. இன்று நகைக்கத் தோன்றவில்லை.

தோமையார் சொன்ன மூன்றாம் மருந்தை, அதாவது நண்பர் உடன்வருந்துதலை, ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் மருத்துவ மாணவர்க்கு நன்கு பயன்படுத்தியிருக்கிறது. வாசிங்டன் நகரில் 1789இல் தோன்றிய, இயேசு சபையினரின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமே அது. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலிருந்து அங்கு விரும்பும் மாணவர்கள் பத்துப் பேர் அளவிலான குழுவாக, ஆசிரியர் துணையுடன், வாரந்தோறும் கூடி இப்பயிற்சிகளைக் கற்கின்றனர். தியானம் உண்டு, கற்பனைக் காட்சி உண்டு, உணர்வதை எழுதிவைத்தல் உண்டு. இவற்றையெல்லாம்விட அந்த வட்டமே பெரிது என்பது நம் எண்ணம். ஆசிரியரும் அவ்வட்டத்தில் ஒருவராக அமர்ந்து தம் அச்சத்தைச் சொல்கிறார். தம் பேராசிரியருக்கும் கை நடுங்கியது உண்டு என்று கேட்டறிந்த மாணவன், தன் நடுக்கத்தை மறைக்கப் போதைப் பொருளையோ கடுஞ்சொல்லையோ தேடுவது குறையும். நம் நாட்டுக் கல்லூரிகளில் ஆயிரம் பேர் அமர்ந்த அரங்கில் ஒலிபெருக்கி வழியே மூச்சை இழுக்கச் சொல்வதற்கும் இதற்கும் உள்ள தொலைவு மிகப் பெரிது.

இனி நம் கேள்விக்கு வருவோம். ஓர் இளம்பெண் மருத்துவர். முதுநிலைப் படிப்பில் சேர்ந்து இரண்டாம் ஆண்டு. எக்கல்லூரி என்பது வேண்டா. அவர் நம்மிடம் சொன்னது இது: “மூச்சை எப்படி விடுவது என்று கற்றுக் கொடுத்தார்கள், ஃபாதர். எப்போது விடுவது என்றுதான் சொல்லவில்லை.” முந்தின நாள் காலை எட்டு மணிக்குப் பணிக்குச் சென்றவர், மறுநாள் மாலைதான் விடுதிக்குத் திரும்பியிருந்தார். அப்பணியின் நடுவே, மதிய உணவுக்கென்று இருந்த ஒரு மணிநேரத்தை எடுத்துக்கொண்டே மன அமைதி வகுப்பு நடந்ததாம். கதை கேட்டு நகைப்பதா, வருந்துவதா?

பயிற்சி மருத்துவரின் பணிநேரத்துக்கு வரம்பு இல்லாமலில்லை. நடுவண் அரசு 1992இலேயே உறைவிட மருத்துவர் தொடர்ந்து பன்னிரண்டு மணிநேரத்துக்கும், வாரத்தில் நாற்பத்தெட்டு மணிநேரத்துக்கும் மேல் பொதுவாகப் பணியாற்றலாகாது என்று நெறி வகுத்தது. நெறி தாளில் இருக்கிறது. 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, மாணவரின் மனநலம் பற்றிய தன் அறிக்கையில், வாரம் 74 மணிநேரத்துக்கு மிகாத பணி, வாரத்தில் ஒரு நாள் விடுப்பு, நாளும் ஏழெட்டு மணிநேர உறக்கம் என்று பரிந்துரைத்தது. முப்பத்திரண்டு ஆண்டுகளில் நாற்பத்தெட்டு எழுபத்து நான்காக வளர்ந்ததை முன்னேற்றம் எனக் கொள்ளவும் கூடவில்லை. எழுபத்து நான்காவது கிட்டட்டும் என்று ஏங்கும் மருத்துவர் பலர் இருக்க, பழிக்கவும் கூடவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் கொல்கத்தாவில் கொடுமைக்கு ஆளாகிக் கொலையுண்ட இளம் மருத்துவர், நெடும்பணிக்கு நடுவே கருத்தரங்க அறையில் கண்ணயரச் சென்றவர் என்பதை நாடே அறியும். அவருக்கென்று ஓய்வறை ஒன்று இருந்திருந்தால் என்று எண்ணாத பெற்றோர் இருந்திருக்கமாட்டார்கள்.

உறக்கமின்மை மருத்துவரின் துன்பம் மட்டுமன்று. நோயாளிக்கு இழைக்கப்படும் அநீதியும் ஆகும். 1997இல் நேச்சர் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, இருபத்து நான்கு மணிநேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ நூறு மில்லிகிராம் சாராயம் கலந்தவரின் செயல்திறனை ஒத்திருக்கிறது என்று காட்டியது. நம் நாட்டில் வாகனம் ஓட்டுவோர்க்குச் சட்டம் வகுத்த எல்லை முப்பது மில்லிகிராம். மதுக்கடைகளுக்குப் பெயர்பெற்ற புதுவை மாநிலத்தில் வாழும் நமக்கு இவ்வொப்புமையை விரித்துரைக்கத் தேவையில்லை. அந்நிலையில் இருப்பவரைக் கடலூர் சாலையில் காவலர் நிறுத்திவிடுவார். அதே தளர்ச்சியில் இருப்பவர் கையில்தான் நாம் ஊசியையும் கத்தியையும் கொடுக்கிறோம். அவருக்கு மூச்சுப் பயிற்சி தருவது, மயங்கிய ஓட்டுநருக்கு நிமிர்ந்து உட்காரக் கற்றுக்கொடுப்பதைப் போன்றது.

அப்பணிக்குழு 25,590 இளநிலை மாணவரையும் 5,337 முதுநிலை மாணவரையும் இணையவழியில் வினவியது. கடந்த ஓராண்டில் தம் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் இளநிலையில் நூற்றுக்கு 16.2 பேர், முதுநிலையில் 31.2 பேர். இவ்வெண்களைப் படித்தபோது நமக்கு இறைவாக்கினர் எலியாவே நினைவுக்கு வந்தார். ஈசபேலுக்கு அஞ்சிப் பாலைநிலத்தில் ஒரு நாள் நடந்து, சூரைச் செடியின் அடியில் விழுந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்னும் பொருள்பட மன்றாடினாரே, அந்த எலியா. கார்மேல் மலையில் வெற்றிகண்ட பேராற்றலாளர் அவர். மனத்திடம் இல்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. இறைவன் அவருக்கு என்ன செய்தார்? கடிந்துகொள்ளவில்லை. அறிவுரை கூறவில்லை. உறங்கவிட்டார். வானதூதர் வந்து தொட்டு எழுப்பி, தணலில் சுட்ட அப்பத்தையும் குவளைத் தண்ணீரையும் காட்டினார். உண்டவர் மீண்டும் உறங்கினார், அதற்கும் தடையில்லை. இரண்டாம் முறை எழுப்பி, போகவேண்டிய தொலைவு மிகுதி என்று சொல்லி மறுபடியும் உண்ணச் செய்தார் தூதர். அதன் பிறகே நாற்பது நாள் நடை; அதன் பிறகே ஓரேபு மலை; அதன் பிறகே காற்றிலும் நிலநடுக்கத்திலும் தீயிலும் இல்லாத ஆண்டவர் மெல்லிய ஒலியில் வந்தது. அந்த மௌனத்தைக் கேட்கும் செவி இரண்டு உறக்கத்திற்கும் இரண்டு உணவுக்கும் பின்பே அவருக்குக் கிடைத்தது. நம் கல்லூரிகளோ சூரைச் செடியைத் தாண்டி நேரே ஓரேபிலிருந்து தொடங்கப் பார்க்கின்றன.

மருத்துவர் பற்றாக்குறையுள்ள நாட்டில் இப்படியெல்லாம் பேசலாமா என்று கேட்போர் உண்டு. தியாகம் இன்றித் தொண்டு ஏது என்று கேட்போர் நம் திருச்சபையிலேயே மிகுதி. தம் நிறுவனத்தில் செவிலியராய் இருக்கும் அருட்சகோதரிகள் நாற்பது ஆண்டு ஓய்வறியாமல் உழைத்ததைப் பெருமையோடு சொல்லும் பெரியோரை நாம் அறிவோம். அவ்வுழைப்பை வணங்குகிறோம். ஆனால் தியாகம் என்பது ஒருவர் தாமே மனமுவந்து கொடுப்பது. மதிப்பெண்ணும் சான்றிதழும் மேலதிகாரியின் கையொப்பமும் பிறர் கையில் இருக்க, மறுக்கும் உரிமையற்ற ஓர் இளைஞரிடமிருந்து பிழிந்தெடுக்கப்படுவதற்குத் தியாகம் என்று பெயரிடுவது சிலுவையை இழிவுபடுத்துவதாகும். ஆண்டவர் தம் உயிரைத் தாமாகவே கொடுத்தார்; யாரும் அதைப் பறித்துக்கொள்ளவில்லை என்பதில் யோவான் நற்செய்தி எத்துணைக் கவனமாய் இருக்கிறது!

நல்ல சமாரியரின் உவமையையும் இக்கண்ணோடு மீண்டும் படிக்க வேண்டும். அவர் காயங்களைக் கட்டினார். தம் விலங்கின்மேல் ஏற்றினார். சாவடியில் அவ்விரவு பார்த்துக்கொண்டார். மறுநாளோ இரண்டு தெனாரியத்தை எடுத்துச் சாவடிப் பொறுப்பாளரிடம் கொடுத்து, நோயாளியை ஒப்படைத்துவிட்டுத் தம் வழியே சென்றார். திரும்பி வருவேன் என்றும், மேற்செலவைத் தருவேன் என்றும் சொன்னார். மருத்துவமனை மொழியில் இதற்குப் பணி மாற்றம் என்று பெயர். அந்தச் சாவடிப் பொறுப்பாளருக்கு நம் மறையுரைகளில் இடமே கிடைப்பதில்லை. அவர் இல்லாதிருந்தால் சமாரியரின் இரக்கம் இரண்டாம் நாளில் களைப்பாகவும், மூன்றாம் நாளில் எரிச்சலாகவும் மாறியிருக்கும். இரண்டாவது ஆளை அமர்த்துவதற்குப் பணம் வேண்டும் என்பதும் அவ்வுவமையிலேயே இருக்கிறது.

இவ்வளவும் சொன்னதால் மன அமைதிப் பயிற்சி வீண் என்று நாம் கொள்வதாக எவரும் எண்ணவேண்டா. எவ்வளவு செம்மையான பணிநேர ஒழுங்கும் மாற்றமுடியாத ஒன்று மருத்துவப் பணியில் உண்டு. எட்டு மணிநேரம் நன்கு உறங்கி எழுந்து வந்த இளம் மருத்துவரின் கண்ணெதிரேயும் குழந்தை இறக்கும். வெளியே வந்து தாயிடம் அவரே அதைச் சொல்ல வேண்டும். அடுத்த படுக்கையில் காத்திருக்கும் முதியவரிடம், ஐந்து நிமிடம் கழித்து, என்ன ஐயா செய்கிறது என்று கேட்க வேண்டும். நோயிற்பூசுதல் வழங்கச் செல்லும்போது திரைக்கு இப்பால் நின்று இதைப் பலமுறை கண்டிருக்கிறோம். அந்த ஐந்து நிமிடத்தில் மருத்துவர் தம்மைத்தாமே கையாளும் கலை உடன்பிறந்து வருவதன்று, கற்றால்தான் வரும். கற்காதவர்கள் வேறொன்றைக் கற்றுக்கொள்கிறார்கள்: கல்லாவதை. நோயாளியைப் பெயரால் அழைப்பதை விட்டு, படுக்கை எண்ணால் அழைக்கத் தொடங்குவது அதன் முதல் அடையாளம்.

கிளைர்வோ நகர்ப் புனித பெர்நார்து, தம் மாணாக்கராய் இருந்து திருத்தந்தையான மூன்றாம் யூஜினுக்குப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதிய நூலில் அஞ்சியதும் இதையேதான். ஓயாத அலுவல்கள் மெல்ல மெல்ல மனத்தைக் கடினப்படுத்தும்; கடினப்பட்ட மனம் தன் கடினத்தை உணராது. ஆகவே எல்லாருக்கும் உரியவராய் இருக்கும் நீர் உமக்கும் சிறிது உரியவராய் இரும் என்ற கருத்தில் திருத்தந்தைக்கே அறிவுறுத்தினார் அத்துறவி. கவனிக்க: பெர்நார்து தம் மாணாக்கரை அலுவலைத் துறந்துவிடச் சொல்லவில்லை; அலுவலைச் சுமந்துகொண்டே உணர்வு மரத்துப்போக விடவும் இல்லை. திருத்தந்தைக்குத் தம் நாளை வகுத்துக்கொள்ளும் அதிகாரமாவது இருந்தது. நம் பயிற்சி மருத்துவருக்கு அது இல்லை. அவ்வதிகாரம் எவரிடம் உள்ளதோ அவரிடமே பெர்நார்தின் அறிவுரையின் முதற்பாதி செல்லவேண்டும்.

அவ்வதிகாரம் நம்மிடமும் ஓரளவு இருக்கிறது. பெங்களூர்ப் புனித யோவான் மருத்துவக் கல்லூரி, இந்திய ஆயர் பேரவையின் சார்பில் 1963 முதல் நடந்துவருகிறது. மறைமாவட்டங்களும் துறவு சபைகளும் நடத்தும் சிறிய, பெரிய மருத்துவமனைகள் நாடெங்கும் உள்ளன. அவற்றின் ஆட்சிக்குழுக்களில் பொதுநிலையினர் பலர் உறுப்பினராய் அமர்ந்திருக்கிறார்கள். இவ்விதழைப் படிப்போரிலும் சிலர் இருக்கக்கூடும். வரவு செலவுக் கணக்கைக் கேட்டுப் பெறுவது போலவே, இளம் மருத்துவர், செவிலியர் ஆகியோரின் சென்ற மாத டியூட்டி பட்டியலையும் அக்கூட்டத்தில் கேட்டுப் பெறலாம். இரவுப்பணி முடித்தவர் மறுநாள் எத்தனை மணிக்கு வெளியேறினார் என்பது அதில் இருக்கும். அவர் படுக்க ஓர் அறை, உள்ளிருந்து தாழிடக்கூடிய கதவோடு, இருக்கிறதா என்பதை மாடிப்படி ஏறிச் சென்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். தியான மண்டபம் கட்ட நன்கொடை தேடி வருவோரிடமும் இவ்வறையைப் பற்றி முதலில் கேட்கலாம்.